கடைசல் உளிகளுக்குச் சாணை பிடித்தல்

லேத்தில் சுழலும் மரத்தைக் கடையப் பயன்படும் உளிகளின் வெட்டுவாயைத் தீட்டும் வேலை இது. மேசைத் தச்சரின் உளியைவிடக் கடைசல் உளி மிக விரைவில் மழுங்கும். 30 செ.மீ. விட்டமுள்ள கிண்ணம் நிமிடத்துக்கு 1000 சுற்று சுழன்றால், அதன் விளிம்பில் அந்த ஒரு நிமிடத்திலேயே ஏறத்தாழ 940 மீட்டர் மரம் உளியின் வாயைக் கடந்துபோகிறது. ஆகவே ஒரு கிண்ணம் முடிவதற்குள் பலமுறை சாணைக்குப் போக வேண்டியிருக்கும். மழுங்கிய உளியை அழுத்தி ஓட்டினால் நார் அறுபடாமல் பிய்ந்து வரும். உளி மரத்தில் கடித்துக்கொள்ளும் ஆபத்தும் கூடும்.

பெரும்பாலோர் கையாளுவது மேசைக் கிரைண்டர். 6 அங்குலச் சக்கரத்தைவிட 8 அங்குலச் சக்கரம் மேல். உளியின் சரிவு முகம் அதில் அதிகம் குழியாது. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் இருதுருவ மோட்டார் நிமிடத்துக்கு 3000 சுற்றுக்குச் சற்றுக் குறைவாகவும், நான்குதுருவ மோட்டார் 1500-க்குச் சற்றுக் குறைவாகவும் ஓடும். கை பழகாதவருக்கு இரண்டாவதே ஏற்றது: தவறு நேர்ந்தாலும் குறைந்த இரும்பே தேயும்.

கிரைண்டரோடு வரும் சாம்பல் நிறக் கல் இந்த வேலைக்குப் பெரும்பாலும் கடினமானது. அதன் மணிகள் உதிராமல் மழுங்கிப் பளபளப்பேறி, வெட்டுவதற்குப் பதில் சூடாக்கும். வெள்ளை அலுமினியம் ஆக்சைடு கல்லில் மணிகள் உடைந்து புதிய முனைகள் வெளிப்பட்டுக்கொண்டே இருக்கும். உளிக்குப் புது வடிவம் கொடுக்க 60 கிரிட், அன்றாடத் தீட்டலுக்கு 80 முதல் 120 கிரிட் போதும். கல்லை வைரமுனையால் அவ்வப்போது சீவிச் சமன்செய்ய வேண்டும். அதனால் விட்டம் குறைந்துகொண்டே போகும்.

இக்குறை சி.பி.என். சக்கரத்துக்கு இல்லை. அதன் உலோகத் தட்டின்மேல் படிந்திருக்கும் கன போரான் நைட்ரைடை 1957-இல் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் ராபர்ட் வென்டார்ஃப் முதன்முதலில் உருவாக்கினார். கடினத்தில் வைரத்துக்கு அடுத்தது. ஆனால் கடும் சூட்டில் வைரத்தின் கரிமம் இரும்போடு வினைபுரியும், இது புரியாது. எஃகைத் தீட்ட இதுவே தகுந்ததாக இருப்பதற்கு அதுதான் காரணம். விலை அதிகம். பதமேற்றாத மென்னிரும்பையும் அலுமினியத்தையும் இதில் வைக்கலாகாது, மணிகளுக்கிடையே அடைத்துக்கொள்ளும்.

சுவீடனின் டார்மெக் போன்ற நீர்ச்சாணைகள் மெல்லச் சுழன்று, சூடேறாமல் மிக நுண்ணிய கூர் தரும். ஆயினும் வடிவம் மாற்ற நேரம் பிடிக்கும். அடிக்கடி தீட்டும் கடைசல்காரருக்கு உலர்சாணையே கைக்கு உகந்தது.

சூட்டைப் பொறுத்தவரை உளியின் எஃகைத் தெரிந்துகொள்வது முக்கியம். பழைய கார்பன் எஃகு உளியின் முனை நீலம் பாரித்தால் அங்கே பதம் போய்விட்டது. அதை அடிக்கடி நீரில் ஆற்ற வேண்டும். ஹைஸ்பீட் எஃகு 500 டிகிரி செல்சியஸிலும் பதம் காக்கும். அதைச் சூட்டோடு நீரில் முக்கினால்தான் கெடுதல்: வாயில் நுண்விரிசல் விழலாம்.

இயந்திரத்தின் விலையைவிடப் பெரிது, ஒவ்வொரு முறையும் அதே கோணத்துக்குத் திரும்ப முடிவது. நகவடிவக் குழியுளியைத் தீட்டும்போது அதை உருட்டவும், பக்கவாட்டில் வீசவும், கோணம் மாறாமல் பிடிக்கவும் வேண்டும். மூன்றும் ஒரே நேரத்தில். உளியைப் பிடித்துக்கொள்ளும் ஜிக் என்ற துணைக்கருவி இதை எளிதாக்குகிறது. உளி ஜிக்கிலிருந்து நீளும் அளவு, ஜிக்கின் காலின் சாய்வு, அந்தக் கால் ஊன்றும் குழிக்கும் சக்கரத்துக்கும் உள்ள தூரம் ஆகிய மூன்றும் மாறாதிருந்தால் வடிவமும் மாறாது. நீளும் அளவுக்கு ஒரு மரக்கட்டையில் தடுப்பு அடித்து வைத்துக்கொள்வது மலிவான, உறுதியான வழி. கிண்ணக் குழியுளிக்கு 40 முதல் 60 டிகிரி, தூண் கடையும் குழியுளிக்கு 30 முதல் 45 டிகிரி வழக்கம்.

சரிவு முகத்தில் மார்க்கர் மை பூசி, சக்கரத்தைக் கையால் சுழற்றிப் பார்த்தால் எங்கே படுகிறது என்று தெரிந்துவிடும். மை முழு அகலத்துக்கும் அழிய வேண்டும். பிறகு அழுத்தமின்றி ஓரிரு முறை ஓட்டினாலே போதும். சுரண்டுளியில் சாணை எழுப்பும் பிசிறே வெட்டுவதால் அதைத் துடைத்தெடுக்கக் கூடாது. சாய்வாய் உளிக்கோ பிசிறு அறவே ஆகாது, தட்டைக் கல்லில் மேலும் தீட்ட வேண்டும்.

புதுக் கல்லைப் பூட்டுமுன் மரக்கைப்பிடியால் தட்டிப் பார்ப்பர்; கணீரென்று ஒலிக்காத கல்லில் விரிசல் இருக்கலாம். கண்ணாடி அணிந்து, கிரைண்டர் வேகமெடுக்கும்வரை பக்கவாட்டில் நிற்க வேண்டும். மரத்தூள் குவிந்த இடத்தில் தீப்பொறி விழ விடக் கூடாது. மரத்தூள் உறிஞ்சும் குழாயைக் கிரைண்டரோடு இணைக்கவே கூடாது.