இரத்தக்காட்டேரிக்கு வந்த மனச்சாட்சி



இரத்தக்காட்டேரி என்றவுடன், உறங்க மறுக்கும் பிள்ளைக்குச் சொல்லும் கதையொன்று வரப்போகின்றது என எண்ணிவிட வேண்டாம். யான் இன்று கூறப்புகுவது ஊரும் ஆண்டும் கையொப்பமும் உடையதொரு வரலாறு. இராணுவ வைத்தியர் ஒருவரின் அறிக்கையிலே தொடங்கி, அமெரிக்கத் தொலைக்காட்சி நாடகமொன்றிலே அது போய்ச் சேர்கின்றது.

1718ஆம் ஆண்டு உடன்படிக்கையின் பின் சேர்பியாவின் வடபகுதி துருக்கியரிடமிருந்து ஒஸ்திரியர் கைக்கு மாறியது. அங்கே மெத்வெஜா என்றொரு சிற்றூர். அவ்வூரில் ஆர்னோல்ட் பவுலே என்னும் எல்லைக்காவல் வீரன் வைக்கோல் வண்டியிலிருந்து விழுந்து மாண்டான். அடுத்த சில வாரங்களில் நால்வர் இறக்கவே, அவனே எழுந்து வந்து கொல்கின்றான் என்றனர் ஊரார். நாற்பதாம் நாளளவில் புதைகுழியைத் தோண்டினர். உடல் அழுகவில்லை, வாயிலும் மூக்கிலும் இரத்தம் காணப்பட்டது. நெஞ்சிலே முளையறைந்து, பின் எரித்தும் விட்டனர். ஏறக்குறைய ஐந்தாண்டுகள் கழித்து அங்கு மீண்டும் சாவுகள் தொடர்ந்தபோது, யோகான் ஃபுளூக்கிங்கர் என்னும் படை வைத்தியர் வந்து புதைகுழிகளைத் திறந்து பார்த்தார். 1732 சனவரியில் அவர் எழுதிய அறிக்கை ஐரோப்பா எங்கும் வாசிக்கப்பட்டது. இலண்டன் பத்திரிகைகளும் அச்செய்தியை அவ்வாண்டே வெளியிட, 'வம்பயர்' என்னும் சொல் ஆங்கிலேயர் நாவிலும் ஏறியது.

குளிர்ந்த நிலத்திலே புதைத்த உடல் மெல்லவே அழுகும் என்பதையும், வயிற்றில் எழும் வாயு குருதிகலந்த நீரை வாய்வழியே தள்ளும் என்பதையும் இன்று எவரும் அறிவர். கொள்ளைநோய்க்குக் காரணம் தேடியவர்கள், மறுமொழி சொல்ல இயலாத ஒருவன்மீது பழியைச் சுமத்தினர். இறந்தவனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினால் அவன் தரப்பில் பேச யாருளர்? பேசினார் ஒருவர். பேரரசி மரியா தெரேசாவின் அரண்மனை வைத்தியர் ஜெரார்ட் வான் சுவீட்டன், இவையனைத்தும் அறியாமையின் விளைவு என்று எடுத்துரைத்தார். 1755ஆம் ஆண்டு, புதைகுழியைத் தோண்டிப் பிணத்தைச் சிதைக்கும் வழக்கத்துக்கு அரச ஆணை தடை விதித்தது.

கிராமங்களில் ஒடுங்கிய காட்டேரி ஏடுகளில் எழுந்தது. பைரன் பிரபுவின் வைத்தியராயிருந்த பொலிடோரி 1819இல் அதற்குப் பிரபுவின் உடையை அணிவித்தார். 1845 முதல் 1847 வரை மலிவுப் பதிப்பாகத் தொடர்ந்து வந்த வார்னி என்னும் காட்டேரியின் கதையிலே, அவன் தன் வாழ்வை வெறுத்து வெசூவியஸ் எரிமலையின் வாயில் குதித்து மாய்கின்றான். 1897இல் வந்த டிராகுலாவை யாவரும் அறிவர். ஆயினும் வருந்திய காட்டேரி வார்னியே. வருந்திய அவனுக்குத் தெரிந்த ஒரே வழி சாவுதான்.

தொலைக்காட்சியில் இதற்கு முன்னோடி 1966 முதல் 1971 வரை அமெரிக்காவில் நாள்தோறும் பிற்பகலில் ஒளிபரப்பான 'டார்க் ஷாடோஸ்'. 1967இல் அதிற் புகுத்தப்பட்ட பார்னபஸ் கொலின்ஸ் என்னும் காட்டேரி, சில வாரங்களில் முளையறைந்து முடிக்கப்பட வேண்டியவன். நேயர்களின் விருப்பமே அவனை உயிரோடு வைத்தது. தன் நிலைக்கு மருந்து தேடி அவன் வைத்தியப் பெண்மணி ஒருவரிடம் ஊசி ஏற்றிக்கொள்ளவும் செய்தான். அவன் வேண்டியது பெரிதும் நோய்நீக்கமே. செய்த பாவத்துக்கு விடை தேடியவனைக் காண இன்னும் முப்பதாண்டு செல்லவேண்டியிருந்தது.

அவன் பெயர் ஏஞ்சல். தேவதூதன் என்பது பொருள். ஜோஸ் வீடனும் டேவிட் கிரீன்வால்ட்டும் படைத்த அப்பெயர்கொண்ட நாடகம் 1999 முதல் 2004 வரை 110 பகுதிகளாக ஒளிபரப்பாயிற்று. டேவிட் போரியனாஸ் நடித்தார். கதைப்படி அவன் அயர்லாந்தின் கால்வே நகரத்து ஊதாரி மகன், 1753இல் காட்டேரியானவன். மரியா தெரேசாவின் ஆணைக்கு இரண்டே ஆண்டு முந்திய காலம் என்பதை ஆசிரியர்கள் எண்ணித்தான் வைத்தனரோ, அறியேன். ஒன்றரை நூற்றாண்டு கொன்று திரிந்தவன், 1898இல் நாடோடிக் குலத்துப் பெண்ணொருத்தியைக் கொல்ல, அக்குலத்தார் சபிக்கின்றனர். சாபம் யாதெனில், அவனுடைய ஆன்மாவை அவனுக்கே திருப்பிக் கொடுத்தல். கொன்றவர் முகங்கள் அனைத்தும் நினைவுக்கு வருகின்றன. பாடசாலையிலே பிரம்பைக் காட்டிலும் 'நீ செய்ததை நீயே சொல்' என்ற சொல்லுக்கே பிள்ளைகள் கலங்குவதைக் கண்டவன் யான். அக்குலத்தாரின் சாபம் எனக்கு நன்கு விளங்குகின்றது.

லொஸ் ஏஞ்சலிஸ் நகரில் துப்பறியும் நிலையம் நடத்தி, பிறரைக் காத்துத் தன் கடனைத் தீர்க்க முயல்கின்றான் ஏஞ்சல். இந்நாடகத்தில் சண்டைகள் மிகை. நான்காம் பருவம் தேவைக்குமேல் நீள்கின்றது. எனினும் மூன்றாம் பருவத்தில் வரும் ஹோல்ட்ஸ் என்னும் மனிதனுக்காகவே அதனைப் போற்றலாம். 1764இல் ஏஞ்சல் அவனுடைய மனைவியையும் கைக்குழந்தையையும் கொன்று, சிறுமகளைக் காட்டேரியாக்கிச் சென்றான். அம்மகளைத் தன் கையாலேயே வெயிலில் இட்டு அழித்த தந்தை ஹோல்ட்ஸ். அரக்கன் ஒருவன் துணையால் நூற்றாண்டுகளைக் கடந்து வந்து நிற்கும் அவனிடம், ஏஞ்சல் இப்பொழுது வேறு ஆள், ஆன்மா உடையவன் என்று சொன்னால் என் செய்வான்? அவன் மக்கள் திரும்பி வருவரோ? மன்னிப்பு அளிக்க உரிமையுள்ள ஒருவனே எதிரில் நின்று மறுக்கின்றான். அதற்குமேல் நம் பரிவு யார் பக்கம் செல்வது என்று திகைக்கின்றது.

ஆயினும் ஹோல்ட்ஸ் நீதியோடு நிற்கவில்லை. ஏஞ்சலின் குழந்தையைக் கவர்ந்து, நரகம் போன்ற வேற்றுலகிலே தன் மகனாக வளர்க்கின்றான். இறுதியில், காட்டேரி கடித்த வடுப்போலத் தன் கழுத்தில் குத்துவித்து இறக்கின்றான். பழி ஏஞ்சல்மேல் விழுகின்றது. செய்யாத கொலையை நம்பிய மகன், தந்தையை இரும்புப் பெட்டியில் அடைத்துக் கடலில் ஆழ்த்துகின்றான். மெத்வெஜா ஊரார் பவுலேயின்மேல் சாற்றிய பொய்க்குற்றம், உண்மைக் குற்றவாளி ஒருவன்மேல் இங்கே சாற்றப்படுகின்றது.

என்றேனும் மீண்டும் மனிதனாவான் என்ற முன்னறிவிப்பு ஏஞ்சலுக்கு இருந்தது. கடைசிப் பகுதியிலே, பகைவரின் நம்பிக்கையைப் பெறுவதற்காக அந்தப் பேற்றையும் கையொப்பமிட்டுத் துறக்கின்றான். பின்னர், மழை பொழியும் ஒடுங்கிய சந்தொன்றில், எஞ்சிய மூன்று தோழரோடு பெரும் படையை எதிர்கொண்டு அவன் வாளை ஓங்குகின்றான். வென்றானா, மாண்டானா என்று காட்டாமலே 2004 மே 19ஆந் திகதி நாடகம் முடிந்தது.