'ஆஃப் பண்ணு': செம்பவாங் தமிழரின் ஆங்கிலத்தில் சிறுசொல் வினைகள்

சிங்கப்பூரின் செம்பவாங்கில் பிரிட்டிஷ் கடற்படைத் தளம் 1938இல் திறக்கப்பட்டது. பிரிட்டிஷார் ஒப்படைத்த கப்பல் பழுதுபார்ப்புத் துறை 1968இல் செம்பவாங் ஷிப்யார்டு ஆனது. தமிழரும் மலையாளிகளும் பல தலைமுறையாக உழைத்த இடம் அது. வால்வை மூடச் சொல்லும் மேற்பார்வையாளர் 'ஷட் இட் ஆஃப்' என்பார். அதைக் கேட்ட தமிழ்த் தொழிலாளி பக்கத்தில் நிற்பவரிடம் 'ஆஃப் பண்ணுங்கண்ணே' என்பார். 'ஷட்' என்ற வினை உதிர்ந்துவிட்டது, 'ஆஃப்' என்ற சிறுசொல் தங்கிவிட்டது. இதை அரைகுறை ஆங்கிலத்தின் அடையாளமாகக் கொள்வது வழக்கம். எனக்கோ, கேட்கவேண்டிய இடத்தைக் காது சரியாகப் பிடித்திருப்பதாகவே படுகிறது.

'ஷட் ஆஃப்' போன்ற சிறுசொல் வினைகளில் ஆங்கிலம் பெரும்பாலும் சிறுசொல்லையே அழுத்தி ஒலிக்கிறது. 'ஷட் டவுன்' ஏவலாக வரும்போது அழுத்தம் 'டவு'னில் விழும். பெயராகும்போது 'ஷட்'டுக்கு நகரும். தமிழில் அழுத்தம் சொல்லின் பொருளை மாற்றுவதில்லை. ஆகவே இந்த வேறுபாடு நம் வகுப்பறைகளில் சொல்லித்தரப்படாமலே போகிறது. சிங்கப்பூர்ப் பேச்சில் 'ஆஃப் த லைட்' என்பதற்கு மலாய், சீன மொழிகளின் செல்வாக்கைக் காரணம் காட்டுவர். அது இருக்கலாம். ஆனால் மலாயும் சீனமும் காதில் விழாத மதுரையிலும் 'லைட்டை ஆஃப் பண்ணு' என்றுதானே சொல்கிறார்கள்?

பொருளுக்கு வருவோம். ஹீப்ரு பேசுவோர் சிறுசொல் வினைகளைத் தவிர்த்து ஒற்றைச் சொல் வினைகளை நாடுவதை ஆய்வாளர்கள் டாகுட்டும் லாவ்ஃபரும் 1985இல் காட்டினர். ஸ்பானிஷ் பேசுவோருக்கும் இதே சிக்கல்தான். மொழியியலாளர் லெனர்ட் டால்மியின் வகைப்பாட்டில், இயக்கத்தின் திசையை வினைக்குள்ளேயே அடக்கும் மொழி ஸ்பானிஷ். நம் 'நுழை', 'ஏறு', 'இறங்கு' ஆகியவையும் அப்படிப்பட்டவையே. ஆயினும் தமிழரிடம் இன்னொரு கருவி உண்டு: துணைவினை. 'ஈட் அப்' என்பதன் முடிவுப் பொருளைச் 'சாப்பிட்டுவிடு' தருகிறது. 'கேரி ஆன்' என்பதன் தொடர்ச்சியைச் 'செய்துகொண்டிரு' தருகிறது. சிறுசொல்லை இடம் காட்டும் சொல்லாக மட்டும் விளக்கும் பாடநூல்கள் இந்த உறவைக் கவனிப்பதில்லை. 'புட் அப் வித்' போன்றவை இந்த வழிக்கு வரமாட்டா. அவற்றை மனப்பாடம்தான் செய்யவேண்டும்.

ஒலிப்பிலும் கைமுதல் இருக்கிறது. மெய்யின்மேல் உயிர் வந்து ஏறும் புணர்ச்சியை நன்னூல் படித்தவர் அறிவர். படிக்காதவர் நாவும் அதைச் செய்கிறது. 'ஷட் இட் ஆஃப்' இயல்பான பேச்சில் 'ஷட்டிட்டாஃப்' என்றே ஓடும். வல்லின ஈற்றில் உகரம் சேர்த்து 'ஷட்டு, இட்டு, ஆஃபு' என்று துண்டாக்கும் பழக்கம்தான் இதைக் கெடுக்கிறது. தனிச்சொற்களை நிறுத்தி நிறுத்தி வாசிக்கவைக்கும் பயிற்சி அந்தப் பழக்கத்தை வளர்க்கிறது.

தமிழ் கைகொடுக்காத இடமும் உண்டு. 'மூடிவிடு' என்பதில் வினைக்கும் துணைவினைக்கும் நடுவே 'உம்', 'தான்' போன்ற இடைச்சொற்கள் புகலாம், செயப்படுபொருள் புகாது. அதனால் 'ஷட் ஆஃப் இட்' என்று சொல்லத் தோன்றுகிறது. 'வால்வ்' என்ற பெயரைச் சிறுசொல்லுக்கு முன்னும் வைக்கலாம், பின்னும் வைக்கலாம். 'இட்' நடுவில்தான் நிற்கவேண்டும். இதை விதியாக ஒப்பிக்க வைப்பதைவிட ஒலியால் உணர்த்துவது எளிது: தொடரின் இறுதி அழுத்தத்துக்குரிய இடம், 'இட்' அழுத்தம் தாங்காத சொல், அது நடுவில் ஒதுங்கினால்தான் 'ஆஃப்' ஓங்கி ஒலிக்கும்.