எஃப்.ஏ. பெயில், பி.யு.சி. பெயில், அப்புறம் நான்

இந்தப் பக்கம் வந்து ரொம்ப நாளாச்சு. ஆபீஸில் ஆணி அதிகம் என்று ஒரே வரியில் காரணத்தை முடித்துக்கொள்கிறேன். இன்னைக்கு எழுத வந்தது முக்கால்வாசி சரித்திரம், கால்வாசி சொந்தக் கதை. சரித்திரம்னாலே தூக்கம் வரும் என்பவர்கள் கடைசி ரெண்டு பத்தியை மட்டும் படிச்சுட்டு எஸ்கேப் ஆகலாம் :-)

கும்பகோணம் பக்கத்துல ஒரு கிராமம் எங்க ஊர். வீட்டிலிருந்தே வேலை என்று ஆனதிலிருந்து மாசத்தில் பாதி நாள் ஊரில்தான் இருக்கிறேன். சாயங்காலம் தெருப் பசங்க பத்துப் பேருக்குக் கணக்கும் அறிவியலும் சொல்லிக் கொடுப்பது வழக்கம். போன மாசம் எட்டாவது படிக்கிற பொண்ணு ஒருத்தி கேட்டாள்: "அண்ணா, உளுந்து வயல்ல ரெண்டு நாள் தண்ணி நின்னாலே அழுகிப் போகுது. நெல்லு மட்டும் தண்ணியிலேயே நிக்குதே, அது ஏன் அழுகல?"

நான் பே பே என்று முழித்தேன். பிளஸ் டூவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப், அப்புறம் பி.இ. பத்தாவதோடு உயிரியலுக்குக் கும்பிடு போட்டவன். திண்ணையில் உட்கார்ந்திருந்த பெரியப்பா பேசாமல் எழுந்து போய் வயலிலிருந்து ஒரு நெற்பயிரை வேரோடு பிடுங்கி வந்தார். வேரைக் குறுக்கே பிளேடால் அரிந்து பசங்களிடம் காட்டினார். "உள்ளே பாருங்க, சல்லடை மாதிரி ஓட்டை. இலை வாங்குற காத்து இது வழியா வேருக்கு இறங்குது. உளுந்துக்கு இந்த வசதி கிடையாது. தண்ணி நின்னா வேர் மூச்சு முட்டிச் செத்துடும்."

அவ்வளவுதான் பாடம். ரெண்டே நிமிஷம். அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரல. பேசாம பி.எட். படிச்சு உயிரியல் வாத்தியார் ஆயிட்டா என்ன என்று ஒரு நினைப்பு. உட்கார்ந்து விதிமுறைகளைப் படித்தேன். என்.சி.டி.இ.யின் 2014 விதிகள் இன்ஜினியரிங் படித்தவர்களுக்கும் பி.எட். கதவைத் திறந்துவிட்டிருக்கின்றன. ஆனால் நான் போகக்கூடிய பக்கம் கணக்கு, இல்லாவிட்டால் பௌதிகம். உயிரியல் வாத்தியார் ஆக வேண்டுமானால் டிகிரியில் தாவரவியலோ விலங்கியலோ படித்திருக்க வேண்டும். அதாவது மறுபடி மூணு வருஷம் பி.எஸ்ஸி., அதுக்கு மேல ரெண்டு வருஷம் பி.எட். மொத்தம் அஞ்சு வருஷம்!

கோபம் வந்தது. ஒரு படிப்புக்குள் நுழைய முன்கூட்டியே இன்னின்னது படித்திருக்க வேண்டும் என்ற இந்த ஏற்பாடு எங்கிருந்து வந்தது என்று தேட ஆரம்பித்தேன். ரொம்ப தூரம் போக வேண்டியிருக்கல. எங்க கும்பகோணத்துக் காவிரிக்கரையில் இருக்கிற அரசுக் கல்லூரியிலேயே கதை கிடைத்தது. 1854ல் தொடங்கியது. தென்னிந்தியாவின் கேம்பிரிட்ஜ் என்று ஒரு காலத்தில் பெருமையாகச் சொல்வார்கள்.

அந்தக் காலத்தில் மெட்ரிகுலேஷன் முடித்தவுடன் நேரே பி.ஏ. சேர முடியாது. நடுவில் ரெண்டு வருஷம் எஃப்.ஏ. படிக்க வேண்டும். அதில் தேறினால்தான் பி.ஏ. இங்கிலீஷ், கணக்கு, சம்ஸ்கிருதம், கிரேக்க ரோமானிய சரித்திரம், கூடவே உடலியல் என்று எல்லாவற்றையும் படித்தாக வேண்டும். பிடித்ததை மட்டும் படிக்கிற பேச்சே கிடையாது.

1904ல் இந்தக் கல்லூரியில் எஃப்.ஏ. சேர்ந்தார் சாரங்கபாணி சன்னதித் தெருப் பையன் ஒருவர். உதவித்தொகையோடு சேர்ந்தவர். கணக்கைத் தவிர எதையும் தொடவில்லை. உதவித்தொகை போச்சு. 1905ல் வீட்டை விட்டே விசாகப்பட்டினத்துக்கு ஓடிப் போனார். 1906ல் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் மறுபடி எஃப்.ஏ. சேர்ந்து, அந்த வருஷமும் அடுத்த வருஷமும் பெயில். உடலியலில் அவர் வாங்கிய மார்க் படு மோசம். தவளையும் முயலும் குடலும் அவருக்கு ஏறவே இல்லை. யாருன்னு இந்நேரம் கண்டுபிடிச்சிருப்பீங்க. சீனிவாச ராமானுஜன்.

எஃப்.ஏ. கூடத் தேறாத அவருக்கு 1913ல் சென்னைப் பல்கலைக்கழகமே மாசம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது. 1916ல் கேம்பிரிட்ஜ் பி.ஏ. கொடுத்தது. 1918ல் ராயல் சொசைட்டி உறுப்பினர். நடுவில் போன வருஷங்களும், அதில் பட்ட பசியும், கெட்ட உடம்பும் திரும்பி வரவில்லை. 1920ல் முப்பத்திரண்டு வயசில் போய்விட்டார்.

இதோடு நிறுத்தினால் "பாத்தீங்களா, பரீட்சை எல்லாம் சும்மா" என்று கைதட்டிவிட்டுப் போயிடலாம். ஆனா அதே கல்லூரியில் இன்னொரு கதை இருக்கு.

1880ல் அங்கே தமிழ்ப் பண்டிதராக இருந்த தியாகராசச் செட்டியார் உடம்பு முடியாமல் ஓய்வு பெற்றபோது தன் இடத்துக்கு ஒரு இளைஞரைச் சிபாரிசு செய்தார். பாபநாசம் பக்கம் உத்தமதானபுரத்துக்காரர். வயசு இருபத்தஞ்சு. பல்கலைக்கழகப் பரீட்சை எதுவும் எழுதாதவர். அங்கிருந்தவர்கள் அவரைக் கேள்வி மேல் கேள்வி கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் எடுத்துக்கொண்டார்கள். அவர்தான் உ.வே.சாமிநாதையர். 1903ல் சென்னைக்குப் போகும் வரைக்கும் அங்கேயே பாடம் நடத்தினார். அடுத்த வருஷம்தான் ராமானுஜன் உள்ளே வருகிறார்.

சர்டிபிகேட் இல்லாமல் உள்ளே போனார், சரி. ஆனால் தயாராகாமல் போனாரா? 1871லிருந்து 1876 வரை மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் மாயூரத்திலும் திருவாவடுதுறையிலும் இராப்பகலாகப் பாடம் கேட்டவர். அஞ்சு வருஷம்! நான் மேலே அலறிய அதே அஞ்சு வருஷம். அந்த இடத்தில்தான் என் கோபம் பாதி இறங்கியது. தயாராவது வேறு, தயாரானதுக்கு அத்தாட்சி வேறு. ரெண்டும் ஒண்ணுன்னு நினைச்சுக்கிட்டுத்தான் நாம சண்டை போடுறோம்.

எஃப்.ஏ. போய் 1910 வாக்கில் இன்டர்மீடியட் வந்தது. 1950களின் நடுவில் அதுவும் போய் ஒரு வருஷ பி.யு.சி. 1978ல் பிளஸ் டூ. போர்டுதான் மாறியது, ஜல்லடை அதேதான்.

அந்த ஜல்லடையில் சிக்கியவர்களில் ஒருத்தர் எங்க பெரியப்பா. 1974ல் பி.யு.சி. பதினோராம் வகுப்பு வரைக்கும் தமிழில் படித்துவிட்டு, காலேஜில் போய் உட்கார்ந்தால் எல்லாம் இங்கிலீஷ். தவளையை அறுத்து உள்ளே இருப்பதைச் சரியாகக் காட்டுவாராம், பேர் மட்டும் வாயில் வராதாம். விலங்கியலிலும் தாவரவியலிலும் பாஸ். இங்கிலீஷில் பெயில். மறுபடி எழுதி மறுபடி பெயில். பி.எஸ்ஸி. படிச்சு வாத்தியார் ஆகணும் என்றிருந்தவர் ஏர் பிடிக்க வந்துவிட்டார். வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. எனக்கே இந்த வயசில்தான் தெரியும்.

"உங்களுக்கு வருத்தமா இல்லையா பெரியப்பா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். "இருந்துச்சுடா தம்பி. எங்கிட்ட படிச்சிருக்க வேண்டிய பசங்களை நினைச்சாத்தான். எனக்கென்ன, நெல்லு வெளஞ்சுது."

ராமானுஜனுக்குக் கணக்கு இருந்தது, உடலியல் தடுத்தது. பெரியப்பாவுக்கு உயிரியல் இருந்தது, இங்கிலீஷ் தடுத்தது. என்னை யாரும் தடுக்கல. பத்தாவதில் நானேதான் விட்டுட்டு வந்தேன். அதனால் விதியைத் திட்ட எனக்கு யோக்யதை கம்மி. வேரை அரிந்து பார்க்காத ஒருத்தன் உயிரியல் வாத்தியாராக வந்தால் அந்தப் பொண்ணோட கேள்விக்கு என்ன கதியோ அதேதான் எல்லாப் பசங்களுக்கும். தாவரவியல் தெரிஞ்சுட்டு வான்னு கேட்பது நியாயம். தெரிஞ்சவரை வேற பாடத்தைக் காட்டி வெளியே அனுப்பியதுதான் அநியாயம்.

அஞ்சு வருஷம் முடியுமா, வீட்டுக் கடன் என்ன ஆகும், இன்னும் முடிவு பண்ணல. முடிவு பண்ணுகிற வரைக்கும் சும்மா இருப்பானேன் என்று பிளஸ் ஒன் உயிரி-தாவரவியல் புஸ்தகம் வாங்கிவிட்டேன். வேரில் இருக்கும் அந்த ஓட்டைக்கு ஏரன்கைமா என்று பேராம். ஓடிப் போய்ப் பெரியப்பாவிடம் சொன்னேன். ரெண்டு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டார். அப்புறம், "பேரு நல்லாத்தான் இருக்கு. சனிக்கிழமை காலையில நாத்தங்காலுக்கு வந்துடு. புஸ்தகத்தையும் எடுத்துட்டு வா" என்றார்.