வீட்டுக் கணினியுடன் தொலைவிலிருந்து இணைய முடியவில்லையா?

வெளியூரில் வேலை பார்க்கும் மகன், வாப்பாவின் கடைக் கணக்கைச் சரிபார்க்க ரிமோட் டெஸ்க்டாப் வழியாக வீட்டுக் கணினியைத் திறக்க முயல்கிறார். இணைப்பு கிடைக்கவில்லை. இந்த நிலையில் பலரும் செய்வது, ஃபயர்வாலை முழுவதுமாக நிறுத்திவிடுவது. இது பூட்டு திறக்கவில்லை என்று கதவையே கழற்றி வைப்பதற்குச் சமம். தடை எங்கே இருக்கிறது என்று வரிசையாகப் பார்ப்பதே சரியான முறை.

1. கணினி: விண்டோஸ் ஹோம் பதிப்பு ரிமோட் டெஸ்க்டாப் இணைப்பை ஏற்காது, புரோ பதிப்பு ஏற்கும். அமைப்புகளில் இந்த வசதி இயக்கப்பட்டிருக்க வேண்டும். கணினி உறக்க நிலையில் இருக்கக் கூடாது. பயனர் கணக்குக்குக் கடவுச்சொல் அவசியம்.

2. ஃபயர்வால்: அதே வைஃபையில் உள்ள வேறொரு கணினியிலிருந்து 192.168 என்று தொடங்கும் உள் முகவரிக்கு இணைந்து பாருங்கள். இணைந்தால் கணினியில் குறையில்லை. இல்லையென்றால், விண்டோஸ் ஃபயர்வாலின் அனுமதிப் பட்டியலில் ரிமோட் டெஸ்க்டாப் இருக்கிறதா என்று பாருங்கள். தனியாக நிறுவிய ஆன்டிவைரஸும் தடுக்கலாம்.

3. ரௌட்டர்: ரிமோட் டெஸ்க்டாப் பயன்படுத்துவது 3389 எண் போர்ட். வெளியிலிருந்து வரும் அழைப்பை எந்தக் கணினிக்கு அனுப்புவது என்று ரௌட்டருக்குத் தெரியாது. 'போர்ட் ஃபார்வர்டிங்' செய்தால்தான் தெரியும்.

4. இணைய நிறுவனம்: ரௌட்டர் காட்டும் வெளி முகவரி 100.64 முதல் 100.127 வரையுள்ள எண்களில் தொடங்கினால், ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்கும் பகிர்ந்து தருகிறார்கள் என்று பொருள். அப்போது ரௌட்டரில் எதை மாற்றினாலும் பலனில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை. 3389 போர்ட்டை இணையத்துக்கு நேராகத் திறந்து வைப்பது ஆபத்தானது. திறந்த போர்ட்டுகளைத் தேடிக் கடவுச்சொல்லை ஊகிக்கும் நிரல்கள் ஓயாமல் இயங்குகின்றன. 2019 மே மாதம் வெளியான 'புளூகீப்' என்ற குறைபாடு, கடவுச்சொல் இல்லாமலே உள்ளே நுழைய வழிவிட்டது. ஆதரவு முடிந்துபோன விண்டோஸ் எக்ஸ்பிக்கும்கூட மைக்ரோசாஃப்ட் அப்போது திருத்தம் வெளியிட்டது. போர்ட் எண்ணை மாற்றுவதும் போதுமான பாதுகாப்பு ஆகாது.

ஆகவே வீட்டுப் பயன்பாட்டுக்கு டெயில்ஸ்கேல் போன்ற விபிஎன் அல்லது குரோம் ரிமோட் டெஸ்க்டாப் நல்லது. இவற்றுக்கு ரௌட்டரில் எதையும் திறக்கத் தேவையில்லை. பகிர்ந்த முகவரியிலும் இயங்கும். குரோம் வசதி விண்டோஸ் ஹோம் பதிப்பிலும் கிடைக்கும். இவற்றுக்குப் பயன்படுத்தும் கணக்கில் இரண்டு கட்டச் சரிபார்ப்பை இயக்கிக்கொள்ளுங்கள். முன்பு 3389 போர்ட்டைத் திறந்து வைத்திருந்தால், இன்றே ரௌட்டரில் அதை நீக்கிவிடுங்கள்.