காரணி தெரியாத பகு எண்: 2⁶⁷ − 1 குறித்து

147573952589676412927 என்னும் 21 இலக்க எண்ணைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் 1903 அக்டோபரில் நியூயார்க்கில் கூடிய அமெரிக்கக் கணிதக் கழகத்திலிருந்தே தொடங்குகின்றனர். ஃபிராங்க் நெல்சன் கோல் ஒரு சொல்லும் பேசாமல் கரும்பலகையில் 2⁶⁷ − 1இன் மதிப்பைக் கணக்கிட்டார். பிறகு 193707721ஐ 761838257287ஆல் பெருக்கி, இரண்டு விடைகளும் ஒன்றே எனக் காட்டிவிட்டு அமர்ந்தார் என்பது வழங்கிவரும் செய்தி. இதனால், 1644இல் மெர்சென் வெளியிட்ட, 2ᵖ − 1 பகா எண்ணாகும் p மதிப்புகளின் பட்டியலில் 67 தவறாக இடம்பெற்றது அன்றுதான் வெளிப்பட்டது என்ற எண்ணம் பரவியிருக்கிறது. அது சரியன்று. அவ்வெண் பகு எண் என்பதை எட்வார்ட் லூக்கா 1876இலேயே நிறுவிவிட்டார். ஒரு காரணியைக்கூடக் காணாமல் நிறுவினார் என்பதுதான் நாம் கருத வேண்டிய செய்தி.

கணிதவியலாளர் லேமர் பிற்காலத்தில் செம்மைப்படுத்திய வடிவில் லூக்காவின் முறை எளியது. p ஓர் ஒற்றைப் பகா எண் என்க. 4இல் தொடங்கி, ஒவ்வொரு முறையும் வர்க்கப்படுத்தி, 2ஐக் கழித்து, 2ᵖ − 1ஆல் வகுத்த மீதியை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். p − 2 முறை செய்தபின் 0 வந்தால் 2ᵖ − 1 பகா எண். வராவிட்டால் பகு எண். p = 5 எனில் 31க்கு 4, 14, 8, 0. p = 11 எனில் 2047க்கு 4, 14, 194, 788, 701, 119, 1877, 240, 282, 1736. இறுதி மீதி 0 அன்று. எனவே 2047 பகு எண். அதன் காரணிகள் 23, 89. ஆனால் 1736க்கும் 2047க்கும் 1ஐத் தவிரப் பொதுக் காரணியே இல்லை. தீர்ப்பு கிடைத்துவிட்டது, காரணிகளின் தடயம் அந்த மீதியில் இல்லை.

பகு எண் என்று அறிவதும் காரணிகளை அறிவதும் ஒரே அறிவின் இரு படிகள் அல்ல, வெவ்வேறு அறிவுகள் என்பதே என் வாதம். 2002இல் கான்பூர் ஐஐடியில் அக்ரவால், கயால், சக்சேனா மூவரும் எந்த எண்ணும் பகா எண்ணா என்பதைப் பல்லுறுப்புக்கோவை நேரத்தில் தீர்மானிக்கலாம் என்று நிறுவினர். காரணிப்படுத்தலுக்கு அத்தகைய வழி வழக்கமான கணினிகளுக்கு இன்றும் தெரியவில்லை. ஆர்எஸ்ஏ மறையாக்கம் இந்த இடைவெளியை நம்பியே நிற்கிறது.

ஆகவே, கோல் செய்ததை வெறும் நீண்ட கணக்கு என்று ஒதுக்குவதும் பிழை. 2⁶⁷ − 1இன் எந்தப் பகாக் காரணியும் 134k + 1 என்ற வடிவில்தான் இருக்கும். 8ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7 வரும். இவ்வளவு சுருக்கிய பிறகும் சிறிய காரணியை எட்ட k 14,45,580 ஆக வேண்டும். இருபடி எச்சங்களைக் கொண்டு அவர் தேடலை மேலும் குறுக்கினார். லூக்காவின் முடிவை ஏற்க அவரது தேற்றத்தையும் நீண்ட கணக்கீட்டையும் நம்பியாக வேண்டும். கோலின் முடிவைப் பெருக்கல் தெரிந்த பள்ளி மாணவர் ஒருவர் ஒரு தாளில் சரிபார்த்துவிடலாம்.