பள்ளிக்கூட கோல்ஃபும் இரண்டு சட்டப் புத்தகங்களும்

மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டு எழுதியபோது, "அமெரிக்கா போனவர்கள் எல்லாரும் பனியைப் பற்றியும் இட்லி மாவு புளிக்காததைப் பற்றியுமே எழுதுகிறீர்கள், வேறு ஏதாவது எழுதுங்களேன்" என்று ஒரு வரி சேர்த்திருந்தார்கள். நியாயம்தான். ஆகவே, முப்பது வருஷத்துக்கு மேலாக நான் வசித்துவரும் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் பள்ளிக்கூட கோல்ஃப் கதையை எடுத்துக்கொண்டேன். நம் ஹாஸ்டல் கூட்டத்தில் கோல்ஃப் மட்டையைக் கையால் தொட்டவர் யாரும் இருந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. எனக்கே என் மகள் பள்ளி அணியில் சேர்ந்த பிறகுதான் பரிச்சயம். அதனால் பயப்படாமல் படிக்கலாம்.

ஆட்டம் இவ்வளவுதான்: ஒரு சின்னப் பந்தை அடித்து அடித்து 18 குழிகளில் விழவைக்க வேண்டும். குறைந்த அடியில் முடித்தவர் ஜெயித்தவர். வேடிக்கை என்னவென்றால், இதில் கூடவே நடந்து வரும் நடுவர் கிடையாது. விசில் கிடையாது. உன் அடிகளை எதிராளி எழுதுவார், அவர் அடிகளை நீ எழுதுவாய். கடைசியில் அட்டையைச் சரிபார்த்து இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு குழியில் வாங்கியதைவிடக் குறைவாக எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டால் போட்டியிலிருந்தே வெளியே. கூடுதலாக எழுதிவிட்டால் எழுதியதுதான் கணக்கு. மொத்தம் கூட்டுவது மட்டும் நடத்துபவர்கள் பொறுப்பு. கூட்டல் தப்பினால் பையனைத் தண்டிக்க மாட்டார்கள்.

இந்தச் சட்டத்தின் பூர்வீகம் ஸ்காட்லாந்து. 1744-ல் எடின்பரோ நகரசபை ஒரு வெள்ளி மட்டையைப் பரிசாக வைத்தது. பல இடத்து ஆட்டக்காரர்கள் வந்து மோதப் போகிறார்கள். ஆளுக்கொரு வழக்கம் இருந்தால் அடிதடிதான் மிஞ்சும். லீத் என்னும் இடத்தில் கூடிய கனவான்கள் 13 விதிகளை எழுதிவைத்தார்கள். ஆக, முதலில் போட்டி வந்தது, அதற்காகத்தான் சட்டம் வந்தது. அன்று ஜெயித்தவர் ஜான் ராட்ரே என்ற வைத்தியர். அடுத்த வருஷமே அவர் கலகக்கார இளவரசர் சார்லஸ் எட்வர்டின் படைக்கு வைத்தியராகப் போய், பிறகு மாட்டிக்கொண்டு, பெரிய நீதிபதி ஒருவரின் தயவால் உயிர் தப்பினார். இதற்கும் நம் விஷயத்துக்கும் சம்பந்தமில்லை, ஆனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அமெரிக்காவில் 1894-ல் ஐந்து கிளப்புகள் சேர்ந்து கோல்ஃப் சங்கம் அமைத்தன. 1952-ல் அவர்களும் ஸ்காட்லாந்துக்காரர்களும் உட்கார்ந்து பேசி, உலகம் முழுக்க ஒரே சட்டப் புத்தகம் என்று ஆக்கினார்கள். 2019-ல் அதை 34 விதிகளிலிருந்து 24 ஆகச் சுருக்கினார்கள். இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கூடைப்பந்து, பேஸ்பால் போன்றவற்றுக்கு அமெரிக்கப் பள்ளிகளுக்கென்றே தேசியக் கூட்டமைப்பு ஒன்று தனி விதிப்புத்தகம் போடுகிறது. கோல்ஃபுக்கு அப்படி இல்லை. பதினைந்து வயதுப் பிள்ளைக்கும், கோடிக்கணக்கில் சம்பாதிக்கும் தொழில்முறை ஆட்டக்காரருக்கும் ஒரே புத்தகம்தான்.

அந்தப் புத்தகம் எவ்வளவு கறாரானது என்பதற்கு 1968 மாஸ்டர்ஸ் போட்டியைத்தான் எல்லாரும் சொல்வார்கள். அர்ஜென்டினாவின் ராபர்ட்டோ டி விசென்சோ 17-வது குழியை 3 அடியில் முடித்தார். கூட ஆடியவர் அட்டையில் 4 என்று எழுதிவிட்டார். இவர் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார். டிவியில் லட்சக்கணக்கானோர் பார்த்திருந்தும், எழுதியதுதான் கணக்கு என்று சொல்லிவிட்டார்கள். சமநிலையில் இருந்திருக்க வேண்டியவர் ஓர் அடியில் பட்டத்தை இழந்தார். அன்று அவருக்குப் பிறந்தநாள் வேறே!

எங்கள் வட்டாரத்திலும் இப்படி ஒரு கதை உண்டு. 1925 அமெரிக்க ஓப்பன் போட்டி எங்கள் வூஸ்டர் ஊர் கிளப்பில் நடந்தது. பாபி ஜோன்ஸ் அடிக்க மட்டையை வைத்தபோது புல்லில் கிடந்த பந்து லேசாக அசைந்தது. வேறு யார் கண்ணிலும் படவில்லை. அவரே போய்ச் சொல்லி, ஓர் அடி தண்டனையைப் பிடிவாதமாகக் கேட்டு வாங்கிக்கொண்டார். முடிவில் வில்லி மக்ஃபார்லேனுடன் சமநிலை. மறுபடி 18 குழி ஆடியும் சமநிலை. இன்னொரு 18 ஆடி, ஓர் அடியில் தோற்றார். இங்கே பள்ளிப் பயிற்சியாளர்கள் முதல் நாள் பயிற்சியிலேயே இந்தக் கதையைச் சொல்லிவிடுவார்கள். ஆட்டம் முடிந்ததும் பிள்ளைகள் புல்தரையில் உட்கார்ந்து, "முதல் குழி எனக்கு ஐந்து, உனக்கு ஆறு" என்று ஒவ்வொன்றாக வாசித்துச் சரிபார்ப்பதை நான் எத்தனையோ சாயங்காலம் பார்த்திருக்கிறேன். ஒரு தடவை, கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுக் கார் வரை போன ஒரு பையன் திரும்பி வந்து, "பதினோராவது குழியில் ஓர் அடி விட்டுப்போச்சு" என்றான். அவனை வெளியேற்றினார்கள், அவன் அணி அன்று தோற்றது. அவனுடைய கோச் முகத்தில் வருத்தத்தைவிடப் பெருமைதான் அதிகம் தெரிந்தது. பிற்பாடு, தண்டனை அடி சேர வேண்டும் என்றே தெரியாமல் விட்டவர்களை வெளியேற்றக் கூடாது என்று 2016-லும் 2019-லும் கொஞ்சம் தளர்த்தினார்கள். அந்தப் பையனுக்கு அது உதவியிருக்காது. அவன் எண்ணிக்கையையே விட்டவன்.

இது பந்துக்கான சட்டம். ஆட்டக்காரனுக்கான சட்டம் வேறு. யார் ஆடலாம், எந்தப் பருவத்தில் ஆடலாம், யாருக்குக் கோப்பை என்பதெல்லாம் போட்டி நடத்துகிறவர்கள் கையில்.

மாசசூசெட்ஸில் இந்த இரண்டாவது புத்தகத்தோடு மல்லுக்கட்டியவர்களில் முக்கியமானவர் பிரான்சிஸ் வீமெட். தோட்டக்காரரின் பிள்ளை. புரூக்லைனில் 'தி கன்ட்ரி கிளப்' மைதானத்துக்கு எதிர்வீடு. அங்கே கேடி வேலை பார்த்தார். கேடி என்றதும் போலீஸ் ஸ்டேஷன் போர்டில் படம் ஒட்டுகிற கேடியை நினைக்க வேண்டாம். பணக்காரர்களின் மட்டைப் பையைத் தூக்கிக்கொண்டு நடக்கிற பையனுக்கு அந்தப் பெயர். புரூக்லைன் உயர்நிலைப் பள்ளியில் கோல்ஃப் அணி உருவானதில் அவருக்குப் பங்குண்டு. 1909-ல் பாஸ்டன் பகுதிப் பள்ளிகளுக்கிடையே நடந்த போட்டியில் வென்றார். 1913-ல், இருபது வயதில், பத்து வயது எடி லோவரி பையைத் தூக்கிவர, அதே எதிர்வீட்டு மைதானத்தில் இங்கிலாந்தின் ஹாரி வார்டனையும் டெட் ரேயையும் தோற்கடித்து அமெரிக்க ஓப்பனை வென்றார். வீமெட் 72, வார்டன் 77, ரே 78. கிளப் பணக்காரர்களின் ஆட்டமாக இருந்ததை அமெரிக்காவில் சாதாரண ஜனங்கள் திரும்பிப் பார்த்தது அப்போதுதான்.

அப்படிப்பட்டவரையே 1916-ல் அமெச்சூர் இல்லை என்று சங்கம் தள்ளிவைத்தது. காரணம், நண்பரோடு சேர்ந்து விளையாட்டுச் சாமான் கடை வைத்தாராம்! பதினாறு வயதுக்கு மேல் கேடி வேலை பார்த்தாலும் அந்தக் காலத்தில் அமெச்சூர் அந்தஸ்து போய்விடும். வீட்டில் சொத்து இருக்கிற பிள்ளைக்கு இந்த விதியால் ஒரு நஷ்டமும் இல்லை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. 1918-ல் அந்தஸ்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். 1951-ல் ஸ்காட்லாந்தின் ராயல் அண்ட் ஏன்ஷியன்ட் கிளப்புக்கே முதல் அமெரிக்கத் தலைவர் ஆனார். 1949-ல் அவர் பெயரில் தொடங்கிய நிதி கேடி பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பியது.

பள்ளிப் போட்டி நடத்துவது எப்படி என்றும் நாலு வரி சொல்ல வேண்டும். பல மாநிலங்களில் ஓர் அணிக்கு ஐந்தாறு பேர் ஆடுவார்கள், அதில் சிறந்த நான்கு பேரின் கணக்குத்தான் அணிக்கு. மூன்று நான்கு பேராகக் கலந்து அனுப்புவார்கள், ஒரே பள்ளிப் பிள்ளைகளை ஒன்றாக விட மாட்டார்கள். காரணம் உங்களுக்கே புரியும். கேடி கிடையாது, அவரவர் பையை அவரவரே தூக்க வேண்டும். பெற்றோர் தூரத்தில்தான் நிற்க வேண்டும், "மட்டையை மாத்துடா" என்று ஜாடை காட்டினாலும் வம்புதான். இருட்டுவதற்குள் முடிய வேண்டுமென்பதால் எல்லாக் குழிகளிலிருந்தும் ஒரே நேரத்தில் ஆட்டத்தைத் தொடங்குவதும் உண்டு.

இனி, முக்கியமான விஷயம். 1972-ல் வந்த 'டைட்டில் நைன்' சட்டம், மத்திய அரசின் பணம் வாங்கும் கல்வி நிலையங்களில் பெண்களுக்குப் பாகுபாடு கூடாது என்றது. அதன்பிறகு பெண் பிள்ளைகள் மைதானத்துக்கு வந்தார்கள். ஆனால் எல்லாப் பள்ளியிலும் பெண்கள் கோல்ஃப் அணி வைக்கும் அளவுக்கு ஆள் சேரவில்லை. இந்த மாநிலத்தில் ஆண்களுக்கு இலையுதிர் காலத்திலும் பெண்களுக்கு வசந்த காலத்திலும் பருவம் வைத்திருந்தார்கள். பெண்கள் அணி இல்லாத பள்ளியில் பெண் பிள்ளை ஆண்கள் அணியிலேயே ஆடலாம். என் மகளும் அப்படித்தான் ஆடினாள், ஆறு பேரில் ஆறாவதாக. அதனால் கோப்பைப் பிரச்சினை எங்கள் வீட்டுக்கு வரவில்லை!

வேறொரு வீட்டுக்கு வந்தது. 2017 அக்டோபரில், இதே மத்திய மாசசூசெட்ஸ் வட்டாரத்தின் மூன்றாம் பிரிவு ஆண்கள் போட்டி அக்ஸ்பிரிட்ஜ் ஊரில் நடந்தது. பதினாறு வயதுப் பெண் ஒருத்தி, பையன்கள் அடித்த அதே இடத்திலிருந்து அடித்து, 75-ல் முடித்தாள். அடுத்து வந்த பையன் 79. ஆனால் மாநிலப் பள்ளி விளையாட்டு அமைப்பின் அப்போதைய விதிப்படி, இலையுதிர் காலத்தில் ஆண்கள் அணியில் ஆடும் பெண்ணின் கணக்கு அணிக்கு மட்டும்தான் சேர்ந்தது. தனிநபர் பட்டத்துக்குச் சேரவில்லை. கோப்பை 79-க்குப் போனது.

அமைப்பின் தரப்பிலும் ஒரு வாதம் இருந்தது. பெண்களுக்கு வசந்த காலத்தில் தனிப் போட்டி இருந்தது. ஒருவர் இரண்டு பட்டத்துக்கும் மோதலாம் என்றால், நாளைக்குப் பையன்களும் பெண்கள் போட்டியில் இடம் கேட்பார்கள் என்று பயம். பயத்தில் அர்த்தம் இல்லாமல் இல்லை. ஆனால் அவள் 75 அணியின் கூட்டலுக்கு ஆகும், அவள் பெயருக்கு மட்டும் ஆகாது என்பதை எந்தக் கணக்கு வாத்தியாரிடம் சொல்லி நியாயப்படுத்துவது? பந்தின் சட்டம் அவளைப் பெண் என்று பார்க்கவில்லை. எத்தனை அடி என்றுதான் கேட்டது. தடுத்தது இரண்டாவது புத்தகம். அதை எழுதுகிறவர்கள் பள்ளிக்கூடத்து ஆட்கள்தான், ஒரு கூட்டம் போட்டால் மாற்றக்கூடியதுதான்.

பரிசளிப்பு முடிந்ததும், 79 அடித்த பையன் கோப்பையை அவளிடம் நீட்டினானாம். அவள் நன்றி சொல்லி, வேண்டாம் என்றுவிட்டாள்.