டோன் ரகசியப் பூட்டா? வாக்கி டாக்கியின் கதை

எங்கள் அஸ்தினாபுரம், குரோம்பேட்டை பக்கம் கல்யாண மண்டப வாசலிலும் பெரிய துணிக்கடைகளிலும் செக்யூரிட்டி கையில் வாக்கி டாக்கியைப் பார்க்கலாம். அதில் டோன், ஸ்கேன் என்று இரண்டு வசதிகள் இருக்கும். டோன் போட்டுவிட்டால் நாம் பேசுவது வேறு யாருக்கும் கேட்காது என்று பலரும் நம்புகிறார்கள். அது உண்மையா? இவை பிறந்த கதையைப் பார்த்தால் விடை கிடைத்துவிடும்.

1928ல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரப் போலீஸ் தங்கள் கார்களில் ரேடியோ வைத்தது. கார் கேட்கலாம், பதில் பேச முடியாது! 1933ல் நியூ ஜெர்சியில் உள்ள பயோன் நகரப் போலீஸ் இருவழிப் பேச்சைக் கொண்டுவந்தது. பிறகு இரண்டாம் உலகப் போர். கால்வின் என்ற கம்பெனி, வீரர்கள் முதுகில் சுமக்கும் எஸ்.சி.ஆர்-300 கருவியைச் செய்தது. எடை சுமார் 16 கிலோ. அந்தக் கம்பெனிதான் 1947ல் மோட்டோரோலா என்று பெயர் மாற்றிக்கொண்டது.

போர் முடிந்ததும் டாக்சி, ஆம்புலன்ஸ், தொழிற்சாலை என்று எல்லோருக்கும் ரேடியோ தேவைப்பட்டது. ஆனால் அலைவரிசைகள் கொஞ்சம்தான். ஒரே அலைவரிசையைப் பல கம்பெனிகள் பங்கு போட்டுக்கொண்டன. நாள் முழுக்க அடுத்தவர் பேச்சைக் கேட்டு அலுத்த டிரைவர் சத்தத்தைக் குறைத்து வைத்தால், தனக்கு வரும் அழைப்பும் போய்விடும்.

இதற்கு 1950களில் வந்த தீர்வுதான் டோன். பேசும்போது குரலோடு சேர்ந்து மெல்லிய ஒலி ஒன்றும் போகும். அது 67 முதல் 254.1 ஹெர்ட்ஸ் வரையிலான குறிப்பிட்ட அளவுகளில் ஒன்று. கருவிகள் சுமார் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள ஒலியை ஸ்பீக்கருக்கு விடாமல் வடிகட்டிவிடுவதால் அது நம் காதில் விழாது. ஆனால் கேட்கும் கருவி அதைக் கண்டுகொள்ளும். தனக்குரிய டோன் வந்தால் மட்டுமே ஸ்பீக்கரைத் திறக்கும்.

மோட்டோரோலா இதற்கு வைத்த பெயர் 'பிரைவேட் லைன்'. இந்தப் பெயர்தான் ஆளைக் குழப்புகிறது! டோன் நம் பேச்சை மறைப்பதில்லை. நம் காதைத்தான் பொத்துகிறது. டோனை அணைத்து வைத்திருக்கும் எவரும் நாம் பேசுவதைக் கேட்கலாம். இன்னொரு ஆபத்தும் உண்டு. அலைவரிசை காலியாக இருப்பதாக நினைத்து நாம் பொத்தானை அழுத்தினால், அங்கே ஏற்கெனவே பேசிக்கொண்டிருப்பவரின் குரலை அழித்துவிடுவோம்.

ஸ்கேன் இதற்கு நேர் எதிர். பதிந்து வைத்த சேனல்களைக் கருவி ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்கும். சிக்னல் இருக்கும் இடத்தில் நிற்கும். பேச்சு முடிந்ததும் மறுபடி ஓடத் தொடங்கும். ஒரு சேனலை 'முன்னுரிமை' என்று குறித்தால் நடுநடுவே அதை எட்டிப் பார்த்துவரும். ஆரம்பகால ஸ்கேனர்களில் ஒவ்வொரு சேனலுக்கும் தனித்தனி கிரிஸ்டல் செருக வேண்டியிருந்தது.

கேட்காமல் இருப்பதா, எல்லாவற்றையும் கேட்பதா? இந்தக் கேள்வி எவ்வளவு பெரியது என்பதை நம் வங்கக் கடலே காட்டியது. 2004 டிசம்பரில் பாரதி பிரசாத் என்ற ஹாம் ரேடியோ பெண்மணி தலைமையில் ஒரு குழு போர்ட் பிளேரில் முகாமிட்டிருந்தது. பல ஆண்டுகளாக ஹாம் ஒலிபரப்பே இல்லாத அந்தமானிலிருந்து உலக ஹாம்களோடு பேசுவதுதான் நோக்கம். டிசம்பர் 26 காலை 6.29க்கு நிலநடுக்கம், பின்னாலேயே சுனாமி. தொலைபேசிகள் செத்துப்போயின. பொழுதுபோக்குக்குப் போன அந்தக் குழு, தீவுகளில் இருந்தவர்களைப் பற்றிய செய்திகளை வெளியே அனுப்பும் உயிர்நாடியாக மாறியது. இலங்கையிலும் ஹாம்கள் சிற்றலைக் கருவிகளோடு அம்பாந்தோட்டைக்குப் போய்க் கொழும்போடு தொடர்பு ஏற்படுத்தினார்கள்.

சிற்றலையில் ஹாம்கள் பொதுவாக டோன் பயன்படுத்துவதில்லை. யார் கூப்பிட்டாலும், அதே அலைவரிசையில் இருப்பவர் எல்லோருக்கும் கேட்கும். முன்பின் தெரியாதவர் கூப்பிட்டபோதும் பதில் சொல்ல ஆள் இருந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

அதற்காக டோனே வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரு மண்டபத்தில் நாற்பது பேர் வேலை செய்யும்போது அது பெரிய உதவி. ஆனால் பேசுவதற்கு முன் 'மானிட்டர்' பொத்தானை அழுத்தி, யாராவது பேசுகிறார்களா என்று கேளுங்கள். வெள்ளம், விபத்து என்றால் கேட்கும் பக்கத்து டோனை மட்டும் அணைத்துவிடுங்கள். அனுப்பும் பக்கத்து டோன் இருக்கட்டும். அது இல்லாவிட்டால் டோன் போட்டிருக்கும் நண்பர்களுக்கு உங்கள் குரல் கேட்காது. டோனோடு ஸ்கேன் ஓடினால், டோன் இல்லாமல் கூப்பிடும் ஆளைக் கருவி கண்டுகொள்ளாமல் தாண்டிப் போய்விடக்கூடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

ரகசியம் பேச வேண்டுமா? அதற்கு டோன் சரிப்படாது நண்பர்களே! அடுத்த கட்டுரையில் வேறொரு விஷயத்தோடு சந்திப்போம்.